வேலி தாண்டும் வெளிச்சம்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதி வழியாகத் தெல்தெனிய நோக்கிச் செல்வோர் பல்லேகலையில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் உயர்ந்த மின்விளக்குக் கோபுரங்களைக் காண்பர். அக்கோபுரங்கள் போட்டிகள் நடைபெறும் இரவுகளில் மாத்திரமே ஒளிர்கின்றன. அவை எப்போது ஏற்றப்பட வேண்டும், எத்திசை நோக்கித் திருப்பப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்குப் பொறியியலாளர்கள் உள்ளனர். ஆனால், வீட்டு வளவுக்குள் பூப்பந்தாட்ட வலையையோ கரப்பந்தாட்ட வலையையோ கட்டி, இரண்டு கம்பங்களில் மின்விளக்குகளைப் பொருத்தி இரவில் விளையாடும் வழக்கம் நகரங்களிலும் அவற்றை அண்டிய ஊர்களிலும் பரவி வருகின்றது. அந்த விளக்குகளின் திசையையும் நேரத்தையும் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர் ஒருவரே. அதன் விளைவை அனுபவிப்பவரோ பக்கத்து வீட்டுக்காரர். சிறியதெனத் தோன்றும் இவ்விடயம் அயலவரிடையே மனக்கசப்பையும், சில வேளைகளில் பகைமையையும் தோற்றுவிக்கக் கூடியது என்பதால் இது குறித்து நிதானமாகச் சிந்திப்பது அவசியமாகின்றது.

முதலில் விளையாட்டின் பக்கத்து நியாயத்தைக் கூறிவிட வேண்டும். 1916இல் இலங்கைக்கு அறிமுகமான கரப்பந்தாட்டம், 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரு பந்தும் ஒரு வலையும் சிறிதளவு சமதரையும் இருந்தால் போதும் என்பதே அது கிராமங்கள்தோறும் வேரூன்றியமைக்கான காரணமாகும். பகலில் பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, தொழில் என ஓடித் திரியும் இளைஞர்களுக்கு இரவு மாத்திரமே ஓய்வாகக் கிடைக்கின்றது. ரமழான் மாதத்தில் தராவீஹ் தொழுகையின் பின்னர் இளைஞர்கள் ஒன்றுகூடி விளையாடுவதும், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இரவு நேரச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுவதும் நாம் அறிந்தவையே. போதைப்பொருள் இளந்தலைமுறையைக் குறிவைத்துள்ள இக்காலத்தில், தமது பிள்ளை வீட்டு முற்றத்திலேயே கண்ணெதிரே விளையாடுவதைப் பெற்றோர் விரும்புவதில் தவறேதும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தொழிலுக்குச் செல்பவர், நோயுற்ற முதியவர், கைக்குழந்தையை உறங்க வைக்கும் தாய், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் ஆகியோர் வாழும் வீட்டின் யன்னலினூடாகக் கூரிய வெண்ணொளி இரவு பதினொரு மணிவரை உள்ளே பாய்வதைக் கற்பனை செய்து பார்க்கலாம். பின்வளவில் உள்ள கிணற்றடிக்கோ குளியலறைக்கோ செல்வதற்குக்கூட அவ்வீட்டுப் பெண்கள் தயங்க நேரிடுகின்றது. விளையாடுபவர்கள் தம்மைப் பார்க்கின்றார்கள் என்பதல்ல, பார்க்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களின் இயல்பு வாழ்க்கையைக் கட்டுப்படுத்தப் போதுமானதாகும்.

இப்பிரச்சினை அண்மைக்காலத்தில் கூர்மையடைந்தமைக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. முன்னர் ஒரு சிறு களத்துக்குப் போதுமான வெளிச்சம் பெறுவதற்கு அதிக மின்சாரத்தை உறிஞ்சும் ஹெலஜன் விளக்குகள் தேவைப்பட்டன. 500 வாற்று ஹெலஜன் விளக்கொன்று தருவதைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட ஒளியை இன்று 200 வாற்று எல்.ஈ.டி. விளக்கொன்று தருகின்றது. மாத முடிவில் வரும் மின்கட்டணப் பட்டியல் முன்னர் விளையாட்டு நேரத்துக்கு ஒரு தடையாக அமைந்தது. இன்று அத்தடை பெருமளவில் தளர்ந்துவிட்டது. விளக்கு மலிந்துவிட்டது; அதனை எவ்வாறு பொருத்துவது என்ற அறிவு அதனுடன் சேர்ந்து பரவவில்லை.

தெல்தெனிய போன்ற மலைப் பிரதேசங்களில் நிலத்தின் அமைப்பும் பிரச்சினையைப் பெருக்குகின்றது. சமவெளியில் ஆறடி மதில் ஒன்று ஓரளவாவது ஒளியைத் தடுக்கும். மலைச்சரிவிலோ ஒருவரது முற்றம் அடுத்தவரது கூரைக்கு மேலே அமைந்திருக்கும். மேல்தட்டில் இருபதடி உயரக் கம்பத்தில் பொருத்தப்பட்ட விளக்கு, மதிலைக் கடந்து நேரே கீழ்வீட்டுப் படுக்கையறையை நோக்கும். பனிமூட்டம் இறங்கும் இரவுகளில் ஒளி சிதறி, சுற்றுவட்டாரம் முழுவதுமே வெளிறிப் போகும். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியதும், இடம்பெயர்ந்தோருக்கெனப் புதிய குடியிருப்புகள் அமைக்கப்பட்டதும் வரலாறாகும். அவ்வாறு புதிதாகக் குடியேறி, பல தலைமுறை அயலுறவை விட்டுப் புதிய அயலவரைப் பழகிக்கொண்ட மக்கள் வாழும் பிரதேசம் இது. இங்கு அயலுறவு என்பது தானாகக் கிடைத்ததன்று; முயன்று கட்டியெழுப்பப்பட்டதாகும்.

வெளிச்சத்தை எவ்வாறு அளப்பது என்ற கேள்வி இவ்விடத்தில் எழுகின்றது. ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். முகிலற்ற வானில் பூரணை நிலவு தரும் ஒளி ஏறத்தாழ கால் லக்ஸ் அளவிலானது. பொழுதுபோக்காக ரெனிஸ் விளையாடும் திறந்தவெளிக் களத்துக்கு ஐரோப்பிய நியமங்கள் 200 லக்ஸ் வரை பரிந்துரைக்கின்றன. அதாவது, பூரணை நிலவைப்போல் எண்ணூறு மடங்கு ஒளி. இந்த ஒளி களத்தின் மீது விழுவதில் எவருக்கும் ஆட்சேபனை இல்லை. களத்துக்கு வெளியே எவ்வளவு கசிகின்றது என்பதே வினா. ஒளியியலுக்கான சர்வதேச ஆணைக்குழு 2003இல் வெளியிட்டு 2017இல் திருத்திய வழிகாட்டியில் இதற்கு விடை உண்டு. வெளிச்சம் குறைந்த கிராமப்புறங்களில் அயல்வீட்டு யன்னலின் மீது விழும் ஒளி முன்னிரவில் 5 லக்ஸையும், ஊரடங்கிய பின்னர் 1 லக்ஸையும் தாண்டலாகாது. சனநெருக்கமுள்ள குடியிருப்புகளில் இந்த அளவுகள் முறையே 10 லக்ஸ், 2 லக்ஸ் ஆகும். இரவு ஆழமாக ஆழமாக அயலவரின் உரிமை வலுக்கின்றது என்ற எளிய உண்மையையே இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இது வெறும் மனச்சலிப்புச் சார்ந்த விடயமும் அன்று. உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றொனின் என்ற சுரப்பு இருளிலேயே பெருகுகின்றது. நீலச் சாயல் கூடிய வெண்ணொளி அதனை மிகுதியாக அடக்குகின்றது. 2022இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 20 இளையோரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றில், ஓர் இரவு மாத்திரம் 100 லக்ஸ் ஒளியில் உறங்கியவர்களின் இதயத்துடிப்பு கூடியிருந்ததும், மறுநாள் காலையில் அவர்களின் உடல் இன்சுலினுக்கு முன்னரைப்போல் ஈடுகொடுக்கவில்லை என்பதும் கண்டறியப்பட்டன. அது சிறிய ஆய்வுதான். அயல்வீட்டு யன்னலில் விழும் ஒளி பொதுவாக அந்த அளவை எட்டுவதும் இல்லை. எனினும், உறங்குபவரின் மூடிய இமைகளுக்கும் வெளிச்சம் ஒரு பொருட்டே என்பதை அது எடுத்துக்காட்டியது.

சட்டம் என்ன கூறுகின்றது? இலங்கையில் ஒலிக்கு அளவு உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், பகலிலும் இரவிலும் ஒரு பிரதேசத்தில் எத்தனை டெசிபல் ஒலி அனுமதிக்கப்படலாம் என வகுத்துரைக்கின்றன. ஆனால் அந்த ஒழுங்குவிதிகள் வெளிச்சத்தைத் தொடுவதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கின்றது. எனினும், அது பொதுமக்களுக்கோ சுற்றுப்புறத்தில் வசிப்போருக்கோ பொதுவாக ஏற்படும் தொல்லையையே கருதுகின்றது. ஒரேயொரு வீட்டின் யன்னலை மாத்திரம் தாக்கும் விளக்கை அதற்குள் அடக்குவது கடினம். முறைப்பாட்டுடன் பொலிஸ் நிலையம் செல்பவர் பெரும்பாலும் ஆலோசனையுடன் திருப்பியனுப்பப்படுவதன் காரணம் இதுவே.

எஞ்சியிருப்பது குடியியல் சட்டம். நமது பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம், தனது சொத்தைப் பிறருக்குத் தீங்கு விளையாத விதத்தில் பயன்படுத்தும் கடமையை ஒவ்வோர் உரிமையாளர் மீதும் சுமத்துகின்றது. ஒரு செயல் தனியார் தொல்லையாகுமா என்பதைத் தீர்மானிக்கும்போது நீதிமன்றம் சில வினாக்களை எழுப்பும். அந்த இடத்தின் தன்மை யாது? தொல்லை எவ்வளவு நேரம், எத்தனை நாட்கள் நீடிக்கின்றது? சராசரி மனிதர் ஒருவருக்கு அது சகிக்கத்தக்கதா? வேண்டுமென்றே செய்யப்படுகின்றதா? மாதத்தில் ஒரு நாள் எட்டு மணிவரை ஒளிரும் விளக்கும், நாள்தோறும் நள்ளிரவுவரை ஒளிரும் விளக்கும் ஒன்றாகக் கருதப்பட மாட்டா. நியாயம் நிரூபிக்கப்படின் தடையுத்தரவும் நட்டஈடும் பெற முடியும். ஆயினும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கொன்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்பதும், அது முடிவதற்குள் இரு குடும்பங்களின் உறவு முற்றாக முறிந்துவிடும் என்பதும் அனைவரும் அறிந்ததே.

ஒலி தொடர்பில் நமது உயர் நீதிமன்றம் 2007இல் வழங்கிய தீர்ப்பு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வெலிகமயில் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுவை விசாரித்த அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான நீதிமன்றம், அவ்விவகாரத்தை ஒரு பள்ளிவாசலின் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிகளுக்கு வரையறை விதிக்கும் பணிப்புரைகள் அனைவருக்கும் பொதுவாகவே விடுக்கப்பட்டன. அதற்கு முன்னர், 2000ஆம் ஆண்டில், சென்னையிலுள்ள கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றுக்கும் அயல் குடியிருப்பாளர் நலச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும், பிறரது அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டுமென எந்த மதமும் விதிக்கவில்லை எனச் சுட்டிக்காட்டியது. வழிபாட்டுக்கே இவ்வரையறை உண்டெனின், விளையாட்டு அதற்கு விதிவிலக்காக முடியாது. அதேவேளை, வரையறை என்பது தடையன்று என்பதையும் இத்தீர்ப்புகளிலிருந்து உணர வேண்டும்.

வெளிச்சத்தைப் பெயர் குறித்தே சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடுகளுள் இங்கிலாந்து முக்கியமானது. 2005இல் அங்கு இயற்றப்பட்ட தூய அயல்புறங்கள் மற்றும் சுற்றாடல் சட்டம், பிறர் உடல்நலத்துக்குக் கேடான அல்லது தொல்லையான செயற்கை ஒளியைச் சட்டபூர்வத் தொல்லைகளின் பட்டியலில் சேர்த்தது. 2006 முதல் உள்ளூராட்சி மன்றங்கள் அதன்படி நடவடிக்கை எடுத்து வருகின்றன. அச்சட்டத்தில் நமது விடயத்துக்கு மிகப் பொருத்தமான ஒரு நுணுக்கம் உண்டு. திறந்தவெளி விளையாட்டு மைதானங்களின் நிர்வாகத்தினர், தொல்லையைக் குறைக்க நடைமுறையில் இயலுமான அனைத்தையும் செய்துள்ளோம் என நிரூபித்தால், அதனை எதிர்வாதமாக முன்வைக்கலாம். ஆனால், வீட்டு வளவுக்குள் அமைந்த விளையாட்டுக் களங்களுக்கு இச்சலுகை இல்லை. ஊரார் அனைவரும் பயன்படுத்தும் மைதானத்துக்காக அயலவர் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டாரின் மகிழ்ச்சிக்காக அடுத்த வீட்டார் அதே சுமையை ஏற்க வேண்டியதில்லை என்பதே இதன் உட்கருத்தாகும்.

நீதிமன்றங்கள் விளையாட்டின் பெறுமதியை அறியாதனவும் அல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்தில் லின்ட்ஸ் என்ற கிராமத்து மைதானத்தில் எழுபது ஆண்டுகளாகக் கிரிக்கெட் விளையாடப்பட்டு வந்தது. 1970களின் ஆரம்பத்தில் அருகே வீடுகள் கட்டப்பட்டன. பந்துகள் வளவுக்குள் விழுவதாகக் குடியிருந்தோர் வழக்குத் தொடர்ந்தனர். 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, அது தொல்லையே என ஏற்றுக்கொண்டது. ஆயினும், விளையாட்டை நிறுத்தத் தடையுத்தரவு வழங்க மறுத்து, 400 பவுண் நட்டஈட்டுடன் முடித்தது. பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம், விளையாட்டுக்குத் தொடர்ச்சி என இரண்டையும் காக்க அந்நீதிமன்றம் முனைந்தது.

நமது சமூகங்களின் மரபும் இதற்கு அந்நியமானதன்று. அயலவரின் உரிமையை இஸ்லாம் எத்துணை வலியுறுத்துகின்றது என்பதை முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது இஸ்லாமிய சட்டவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். ஹனபி சட்ட மரபைத் தழுவி 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா எனும் குடியியல் சட்டக்கோவை, இவ்விதியை வீடுகளுக்குப் பிரயோகித்துக் காட்டியது. அதன் 1202ஆம் பிரிவின்படி, சமையற்கூடம், கிணற்றடி, முற்றம் முதலிய பெண்கள் புழங்கும் இடங்கள் அயல்வீட்டிலிருந்து பார்வைக்குத் தெரிவது கடும் தீங்காகும். அதற்கான பரிகாரமே நம் கவனத்துக்குரியது. யன்னலை முற்றாக அடைத்துவிடும்படி அச்சட்டம் கட்டளையிடவில்லை. சுவர் ஒன்றையோ பலகை மறைப்பு ஒன்றையோ எழுப்பித் தீங்கை நீக்கும்படியே பணித்தது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்களாயினும், அச்சட்டத்தில் வெளிப்படும் நிதானம் எல்லோருக்கும் பொதுவானது. வேலி என்பது பிரிப்பதற்கன்று, ஒழுங்கோடு சேர்ந்து வாழ்வதற்கே எனக் கருதிய தமிழ்க் கிராமங்களும், வேலிக்கு மேலால் கறிச்சட்டி கைமாறும் உறவையே போற்றி வந்துள்ளன.

இவ்வளவு சிறியதொரு விடயத்துக்கு இத்தனை விளக்கம் தேவையா என வாசகர் வினவலாம். வேறெங்கும் தேவைப்படாவிடினும் தெல்தெனியவில் தேவையே என்பதற்கு 2018 சாட்சியாக உள்ளது. அவ்வாண்டு பெப்ரவரி மாதம் தெல்தெனியவில் வீதியில் வாகனங்கள் தொடர்பில் ஏற்பட்ட வாய்த்தர்க்கம் தாக்குதலாக மாறியது. தாக்கப்பட்ட சிங்கள சாரதி சில நாட்களின் பின்னர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அதற்குப் பொறுப்பானவர்கள் சட்டத்தின் முன் நிறுத்தப்பட வேண்டியிருந்தது. ஆனால், மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அந்த வன்முறைக்கு வீதித் தகராறு காரணமல்ல. அதனைப் பயன்படுத்திக்கொள்ளக் காத்திருந்த வெறுப்புப் பிரசாரமே காரணம். எனினும், இரு தனிநபர்களுக்கிடையிலான பிணக்கு இரு சமூகங்களின் பிணக்காகச் சித்திரிக்கப்படுவதற்கு எவ்வளவு குறுகிய காலம் போதும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. விளக்கை ஏற்றியவர் ஒரு சமூகத்தவராகவும் உறக்கமிழந்தவர் மற்றொரு சமூகத்தவராகவும் இருக்கும் ஒழுங்கையில், கைத்தொலைபேசியில் பதிவாகும் ஒரு வாய்ச்சண்டை எங்கெல்லாம் பரவும் என எவராலும் கூற முடியாது.

ஆகவே, பிணக்கு ஒழுங்கையிலேயே தீர்க்கப்படுவது அனைவருக்கும் நன்மையானது. இயலாவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகள் உள்ளன. இரு தரப்பினரும் தலா ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வர். சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. வெற்றி தோல்வி எனத் தீர்ப்பளிக்காது, இரு தரப்பும் ஒப்பும் இணக்கத்தை எழுத்தில் பதிவதே அச்சபைகளின் நோக்கமாகும். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பது போன்ற பிணக்குகளுக்கு இதனைவிடப் பொருத்தமான அரங்கு வேறில்லை.

உண்மையில், அயல்வீட்டுத் தொல்லைகளுள் மிக எளிதாகத் தீர்க்கக்கூடியது வெளிச்சமே. ஒலியைத் திசை திருப்ப முடியாது. புகையைக் கட்டிவைக்க முடியாது. விளக்கையோ ஒரு திருகாணியைத் தளர்த்திக் கீழ்நோக்கிச் சரித்துவிட முடியும். ஒளிக்கற்றையின் மையம் செங்குத்துக் கோட்டிலிருந்து 70 பாகைக்கு மேல் உயராதிருக்க வேண்டும் என்பது துறைசார்ந்தோரின் பரிந்துரையாகும். விளக்கின் மேலும் பக்கங்களிலும் தகரத்தாலான மறைப்பைப் பொருத்தலாம். அயல்வீட்டை நோக்கிய விளக்கைக் கழற்றி, அவ்வீட்டின் பக்கத்து எல்லையில் நட்டுக் களத்தை நோக்கித் திருப்பலாம். நீலச் சாயல் மிகுந்த கூரிய வெண்ணொளிக்குப் பதிலாக 3000 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளியைத் தெரிவு செய்யலாம். விளையாட்டு முடிந்ததும் தானாக அணையும் நேரக்கருவியைப் பொருத்தலாம். சாதாரண நாட்களில் இரவு ஒன்பது மணி, விடுமுறை நாட்களில் பத்து மணி, பரீட்சைக் காலத்திலும் அயலில் மரணம் நிகழ்ந்த வீடுள்ளபோதும் விளக்கே இல்லை என ஒழுங்கையார் கூடித் தீர்மானித்துக்கொள்ளலாம். ரமழான் இரவுகளிலோ புத்தாண்டுக் காலத்திலோ நேரம் நீடிப்பதாயின், முன்கூட்டியே அயல்வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

முறைப்பாடு செய்பவருக்கும் ஒரு கடமை உண்டு. மாதக்கணக்கில் மௌனமாகப் பொறுத்திருந்துவிட்டு ஒருநாள் இரவு வெடித்தெழுவதைவிட, முதல் வாரத்திலேயே பகல்வேளையில் சென்று அமைதியாகக் கூறுவது மேலானது. விளக்கைப் பொருத்தியவருக்குத் தனது ஒளி எங்கே விழுகின்றது என்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. களத்தில் நிற்பவரின் கண்களுக்குக் களம் மாத்திரமே தெரியும். அவரை ஓர் இரவு தமது படுக்கையறைக்கு அழைத்து யன்னலைக் காட்டுவது, நூறு வார்த்தைகளைவிடப் பயனளிக்கும்.

பிரதேச சபைகளும் வாளாவிருக்கலாகாது. மதில், கட்டடம் முதலியவற்றுக்கு அனுமதி வழங்கும்போது எல்லைக்கு அருகே உயர்ந்த விளக்குக் கம்பங்கள் அமைவதையும் கருத்திற்கொள்ளலாம். அதனைவிட முக்கியமாக, ஊருக்குப் பொதுவான களம் ஒன்றை முறையான விளக்குகளுடன் அமைத்துக் கொடுப்பின், ஒவ்வொரு வீட்டு முற்றமும் மைதானமாக வேண்டிய தேவையே குறையும். அக்களத்தில் மூவின இளைஞர்களும் ஒரே வலையின் இரு பக்கங்களிலும் கலந்து நின்று விளையாடுவது, சமாதானம் பற்றிய பல கருத்தரங்குகளைவிட இப்பிரதேசத்துக்குப் பயனுள்ளதாக அமையும். வெளிச்சத்துக்கு ஒலிக்கு உள்ளதுபோன்ற அளவுகளை வகுப்பது குறித்துத் தேசிய மட்டத்தில் சிந்திப்பதும் காலத்தின் தேவையாகும்.

தன் வளவில் விளக்கேற்றும் உரிமை ஒருவருக்கு உண்டு. தன் அறையில் இருளைப் பெறும் உரிமை அடுத்தவருக்கும் உண்டு. இவ்விரு உரிமைகளும் மோதிக்கொள்ளும் இடம் ஒரு மதிலின் உயரமே. அம்மதிலுக்கு மேலாகப் பாயும் வெளிச்சத்தைச் சற்றுக் கீழே சரித்துவிடுவதால் ஆட்டம் நின்றுவிடப் போவதில்லை. ஆனால் அயலுறவு நிலைத்துவிடும். ஒருமுறை பெரும் விலை கொடுத்துவிட்ட தெல்தெனிய மக்கள் இதனை மற்றெவரைவிடவும் நன்கறிவர்.